பாதிப் பாதி

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நலம்தானே? போனை எடுப்பதில்லை என்று என்மேல் கோபமாக இருப்பாய். போன வாரம் மட்டும் நாற்பது தடவை கூப்பிட்டிருக்கிறாய். போனில் உன் குரல் கேட்டால், என் குரலே அந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்கு உத்தரவு போடுவது போல இருக்கிறது. நீ சொல்லி முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிடுகிறேன். காகிதத்தில் என்றால் ஆரம்பித்த வாக்கியத்தை நீ குறுக்கே வராமல் முடிக்க முடிகிறது. கொஞ்ச நாளைக்கு எழுதியே பேசிக்கொள்வோம்.

நீ ஊருக்குத் திரும்பிய மறுநாளே பூசணிக்காய் உடைத்துப் படப்பிடிப்பை முடித்துவிட்டார்கள். டைரக்டர் இன்னும் உன்னைத்தான் புகழ்கிறார். "உங்க அக்கா முதுகு கூட நடிக்குதும்மா" என்கிறார். இரட்டைச் சகோதரிகள் கதைக்கு நிஜமான அக்காவே டூப்பாகக் கிடைத்தால் எந்த டைரக்டருக்குத்தான் கசக்கும்? இரண்டு வேடமும் எனக்கு, முகம் தெரியாத இடங்களில் நீ. ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்திக்கு நோய் வருகிறது, கடைசியில் ஒருத்தி மற்றவளைக் குளியல் தொட்டியில் அமுக்கிவிட்டு இரண்டு பேராகவும் வாழ ஆரம்பிக்கிறாள். பேய்ப்படம் என்கிறீர்களே, இதில் பேய் எங்கே என்று நீ கேட்டதற்கு, "பேயே கிடையாதும்மா, அதான் பயம்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறதா? நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒரு சேதி. நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. எங்கள் சவுண்ட் இன்ஜினியரை உனக்குத் தெரியும். அவர் என்னைக் கேட்டார், நான் சரி என்றேன். பதிவு அலுவலகத்தில் போன திங்கட்கிழமை இரண்டு பேரும் மனு கொடுத்து, பெருவிரல் ரேகையும் வைத்தாகிவிட்டது. ஏப்ரல் 18 காலையில் கையெழுத்து. நீ சந்தோஷப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்த வாரம் டப்பிங். மறுபடி எழுதுகிறேன்.

உன்,
குட்டி


ஜனவரி 17

என் குட்டிக்கு,

கடிதம் வந்தது. கடையில் வைத்தே பிரித்துப் படித்தேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம். நல்லது. ஏழு நிமிடம் முன்னால் பிறந்த பாவத்துக்கு, எனக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது போலும். மனு கொடுத்து, ரேகை வைத்து, தேதியும் குறித்துவிட்டு, அதற்கப்புறம் அக்காவுக்குச் சேதி. ஹெட்போன் மாப்பிள்ளை அடக்கமானவர்தான், ஒத்துக்கொள்கிறேன். எதைச் சொன்னாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். கேட்பவர்கள் எல்லாரும் புரிந்துகொள்கிறவர்கள் இல்லை.

அம்மா நம்மை எப்படி வளர்த்தாள் என்று அவரிடம் சொன்னாயா? எதுவானாலும் பாதிப் பாதி. உனக்குக் காய்ச்சல் என்றால் எனக்கும் மருந்து. எனக்கு அடி என்றால் உனக்கும் அடி. உன் கணக்குப் பரீட்சையை நான் எழுதினேன், எனக்காக நீச்சல் குளத்தில் நீ குதித்தாய். உன்னை முதலில் பெண் பார்க்க வந்தவனிடம் உன் புடவையைக் கட்டிக்கொண்டு போய்ப் பேசி, ஒரே நாளில் ஓட வைத்தது யார்? நீ கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று எப்போது சொல்கிறார்களோ அப்போது வேலை முடிந்தது, பவர் சரி. உனக்குத்தான் இப்போது ஏதோ வித்தியாசம் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

வழக்கம் போல உறைக்குள் அளவு நூல் வைத்திருக்கிறேன். இந்த மாதம் என் முடி இந்த நீளம். அதே அளவுக்கு வெட்டிக்கொள். முன்பக்கத்தில் போன தடவை நீ அரை விரல் கூட விட்டிருந்தாய், போட்டோவில் பார்த்தேன்.

உன் பாதி,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

டப்பிங் எப்படி நடக்கும் என்று நீ பார்த்ததில்லை. இருட்டறையில் திரையில் நம் முகம் சின்னத் துண்டாகத் திரும்பத் திரும்ப ஓடும். அந்த வாய்க்கு ஏற்றபடி மைக்கில் மறுபடி பேச வேண்டும். என் வாய்க்கு நான் பேசுவதில் இதுவரை எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. நாலாவது நாள் ஒரு காட்சி வந்தது. தங்கை ஜன்னல் ஓரம் நின்று, "நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்" என்று சொல்லும் காட்சி. இருபத்தாறு தடவை முயன்றும் ஒட்டவில்லை. நான் முடிக்கும் முன்பே திரையில் வாய் மூடிவிடுகிறது. எனக்குத் தொண்டைதான் சரியில்லை என்று நினைத்து வெந்நீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

என்னவர் படப்பிடிப்பில் பதிவான ஒலியைத் தனியாகப் போட்டுக் கேட்டார். பிறகு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது உன் மூச்சு இல்லை. நீ வாயால மூச்சு இழுப்பே. இவங்க மூக்கால இழுக்கறாங்க" என்றார்.

அன்று முழுக்க உட்கார்ந்து தேடினோம். ஆறு காட்சிகள். ஆறும் எனக்குக் காய்ச்சல் வந்த அந்த வாரத்தில் எடுத்தவை. நான் மத்தியானம் வரை அடித்துப் போட்டது போலத் தூங்கிய வாரம். எழுந்து கேட்டால், "டூப் ஷாட் மட்டும்தான் எடுத்தாங்க, நீ படு" என்று நீ சொல்வாய். அன்றன்று எடுக்கும் காட்சிகளை எழுதிய கால்ஷீட் தாள் உன் கையில்தான் இருந்தது. இரண்டு வேடத்தையும் மாற்றி மாற்றி எடுத்ததில் எது முடிந்தது, எது பாக்கி என்று எனக்கே நிச்சயமில்லை. காய்ச்சல் மாத்திரையோடு எனக்கு வேறு என்ன கொடுத்தாய்?

அந்த வாரம் ஒருநாள் நான் அவரிடம் போய், "படம் முடிஞ்சதும் என்னைத் தேடாதீங்க. அக்காவை விட்டுட்டு என்னால வர முடியாது" என்று சொன்னேனாம். இரண்டு வாரம் மனசுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, ஒருநாள் நேராக என்னையே கேட்டார். ஜுரத்தில் ஏதாவது உளறியிருப்பேன் என்று அப்போது நானே சமாதானம் சொன்னேன்.

அப்புறம் அதே வாரக் கடைசியில் எடுத்த தொட்டிக் காட்சி. அதில் நாம் இருவருமே இருக்கிறோம். தண்ணீருக்கு அடியில் நான், மேலே உன் கைகள். டைரக்டர் கட் சொன்னது உன் காதில் விழவில்லை என்றாய், எல்லாரும் நம்பினோம். அந்த ஒலித்துண்டைப் போட்டுக் கேட்டேன். "கட்" என்ற சத்தத்துக்கும் நான் தலையைத் தூக்கி இருமுவதற்கும் நடுவில் ஒன்பது விநாடி இருக்கிறது. அந்த ஒன்பது விநாடியில் மூன்று தடவை கட், கட் என்று கத்துகிறார்கள். அவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வரும் சத்தமும் கேட்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைப் பார்த்து மட்டும் இல்லை. அந்த முகத்தை என் முகம் என்று நம்பி இருபத்தாறு தடவை பேசிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தும்தான்.

நெஞ்சைத் தொட்டுப் பதில் எழுது. நூலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குட்டி


பிப்ரவரி 14

என் குட்டிக்கு,

கேட்டாய், சொல்கிறேன். உன்னிடம் நான் எதையும் மறைத்ததில்லை. நீ கேட்காததைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தூக்க மாத்திரைதான். பாதி. மீதிப் பாதியை அன்றன்றைக்கு வேலை முடிந்து வந்து நான் போட்டுக்கொண்டேன். உனக்குத் தனியாக எதையும் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. அந்த வாரம் உன்னால் நிற்கக்கூட முடியவில்லை. தயாரிப்பாளர் ஆளை மாற்றிவிடலாமா என்று பேசினது என் காதில் விழுந்தது. நீ ஆறு வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த வேஷம். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறாயா? போய் நின்றேன். நடித்தேன். பெயர் உனக்கு. அந்த ஜன்னல் வசனத்துக்கு லைட்மேன் கண்ணைத் துடைத்தான். உன்னைத்தான் பாராட்டினார்கள்.

மாப்பிள்ளை விஷயம். ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து கொடுத்து, "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்றார். உள்ளதைச் சொன்னேன். அரையடி தூரத்தில் நின்றார், குட்டி. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். மூச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறவர். மெஷின் சொன்ன பிறகுதானே அவருக்கே தெரிந்தது? யாரோடு வாழப் போகிறோம் என்று தெரியாத ஒருவரிடம் உன்னை எப்படி விட்டுவிட்டு வருவேன்?

தொட்டி. இதை மட்டும் நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உன் தலை உள்ளே போனதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் குளத்தில் செய்வோமே, அது போல. என்னால் தாங்க முடிகிற வரைக்கும் உன்னாலும் தாங்க முடியும். எனக்கு மூச்சு முட்டினால் உடனே விட்டுவிடுவேன். எனக்கு முட்டவில்லை. கட் என்றது கேட்டது. ஆனால் நாம் இன்னும் முடிக்கவில்லையே என்று தோன்றியது. அந்த நேரத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகவே இருந்தோம். அம்மா போன பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

தவறு செய்தேன் என்று நீ நினைத்தால் திட்டு. வாயாரத் திட்டு. ஆனால் போனை எடு.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. பொய்யாக இருந்திருந்தால் தேவலை.

நீ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாய். நான் வசனத்தைக் கத்தி முடித்துவிட்டு, காலி நெஞ்சோடு உள்ளே போனேன். உடம்பில் ஜுரம், உன் பாதி மாத்திரை வேறு. உனக்கு முட்டவில்லை என்பதால் எனக்கும் முட்டவில்லை என்று நினைத்தாய். முப்பத்தொரு வருஷமாக நீ என்னை இப்படித்தான் அளந்திருக்கிறாய். உனக்குப் பசித்தால் எனக்குப் பசி. உனக்குப் பிடிக்காதவன் எனக்குப் பிடிக்காதவன். உன் முடி நீளம் என் முடி நீளம். நீ கெட்டவள் இல்லை, அக்கா. ஆனால் அந்தத் தொட்டியில் நான் செத்துப்போயிருந்தால், உனக்கு மூச்சு முட்டும் வரை உனக்குத் தெரிந்தே இருக்காது.

அவர் ஏமாந்தார், உண்மைதான். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பிறகு வந்து என்னிடம் கேட்டார். நீ என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

பெண் பார்க்க வந்தவனை ஓட வைத்தபோது கதவுக்குப் பின்னால் நான் சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். நான் அழுதுகொண்டிருந்தேன். வாயைப் பொத்தியிருந்ததால் உனக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. எனக்கு அவனைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தக் காட்சிகளை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். அப்புறம், "அந்த ஆறு சீனும் இருக்கட்டும், அதுதான் படத்துலயே உசத்தி" என்றார். உன் பெயரைத் தனியாகப் போடப் போகிறார்கள். அந்த ஆறு காட்சிக்கு நீயே வந்து பேசு. மே மாதம் கூப்பிடுவார்கள். உன் பெயர் திரையில் வருவதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே ஆசை.

ஆனால் ஏப்ரல் 18 அன்று வராதே. அன்றைக்கு ஒரு நாள் நான் தனியாளாகப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

முடியைக் காது வரை வெட்டிவிட்டேன். பின்கழுத்தில் காற்று படுவது புதுசாக இருக்கிறது. இனி நூல் வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 20

அக்கா,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கேட்டதை மதித்து ஒதுங்கி இருக்கிறாய் என்று நினைத்து நெகிழ்ந்துபோயிருந்தேன். 18ஆம் தேதி காலையில் அவரிடம் கூட, "அக்கா மாறிட்டா" என்று சொல்லிக்கொண்டே படி ஏறினேன்.

கவுன்டரில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்துத்தானேம்மா வந்து, கல்யாணம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க? இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?" என்றாள். வேறு யாரோ என்று அவர் சொல்லிப் பார்த்தார். "சார், இதே முகம், இதே கட்டை முடி. எனக்கு என்ன கண்ணா தெரியாது?" என்றாள். என் முடியைப் பற்றி உனக்கு நான்தான் எழுதினேன். சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை எனக்கு.

நீ எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டினாள். என் கையெழுத்து. நானே பார்த்து நானே ஏமாந்துபோகிற அளவுக்கு என் கையெழுத்து. கீழே பெருவிரல் ரேகை.

அந்த அம்மா ஜனவரியில் நான் கொடுத்த மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாள். என் ரேகை நடுவில் சுழன்று சுழன்று போகிறது. உன்னுடையது வளைந்து ஒரு பக்கமாக வெளியே போய்விடுகிறது. எல்லாவற்றையும் யோசித்த உனக்கு இது மட்டும் தோன்றவில்லை பார். விரல்கூட ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறாய். கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நாம் இரண்டு பேர் என்று ஒரு காகிதம் சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

அந்த அம்மா நல்லவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டு ஆளுங்க யாராவதா? நீங்கதான் நேத்து வந்தீங்கன்னு சொன்னா, ரேகை சரியா விழலைன்னு எழுதி விட்டுடறேன். புது மனு குடுங்க, மூணு மாசத்துல கல்யாணம் பண்ணிக்கலாம். இல்லைன்னா ஆள் மாறாட்டம். நான் போலீசுக்கு எழுதியே ஆகணும்" என்றாள்.

அவர் என் முடிவு என்று தள்ளி நின்றார். "ஆமாம், நான்தான் வந்தேன்" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அக்கா. அதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவையில்லை. சின்ன வயதிலிருந்து உனக்காக நானும் எனக்காக நீயும் சொன்ன வார்த்தை. சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய். மூன்று மாதம் கழித்து இன்னொரு கவுன்டரில் மறுபடி இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

"அது நான் இல்லை. எங்க அக்கா" என்றேன். உன் பெயரை முழுதாகச் சொன்னேன். புகாரில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் வராந்தாவில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். நீ கொடுத்த காகிதத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்.

உன்னைத் தேடி வருவார்கள். ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துவிடு. நானும் அவரும் வேறு வீட்டுக்குப் போகிறோம், விலாசம் தரப் போவதில்லை. நீ எழுதினால் பழைய விலாசத்துக்கு வந்து கிடக்கும். நான் பிரிக்க மாட்டேன். பிரித்தால் உன் பேச்சைக் கேட்பேன், அதனால்தான்.

உன்னைப் போல என்னை யாரும் நேசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இதுவரை கிடைத்ததே போதும் எனக்கு.

தங்கை


ஏப்ரல் 29

குட்டிக்கு,

பிரிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் பிரிக்காதே. சுருக்கமாகத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை போலீசார் கடைக்கே வந்தார்கள். ஒருவருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன், காத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆம், நான்தான் போனேன் என்று ஒத்துக்கொண்டேன். பத்து விரலிலும் மை பூசி ரேகை எடுத்தார்கள். உன்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார்கள்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். நீ அழுததை நான் சிரிப்பு என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியில்தான் இன்னும் நிற்கிறேன். உன்னை நான் பார்த்ததே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. மே மாதம் டப்பிங்குக்குக் கூப்பிட்டால் வருவதாக இல்லை. அந்த ஆறு காட்சியிலும் நான் நீயாக இருந்தேன். நானாக இருந்து அந்த வாய்க்கு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் வாக்குமூலத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். பெயர் என்று இருந்த இடத்தில், பழக்கத்தில், உன் பெயரை எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதினேன். அடித்த இடத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று போலீஸ்காரம்மா சொன்னாள். உன்னுடையது போல இல்லாமல் ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

அக்கா